சி.எஸ்.எஃப்-க்கு கிரீஸ் கிட் வாங்குறவங்க கவனத்துக்கு

கிரீஸ் கிட்னா நைட்ரிக் ஆக்சைடு எவ்ளோ சுரந்திருக்குன்னு கலர் வெச்சு அளக்குற கிட், சி.எஸ்.எஃப்-னா மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற தண்ணி. மொதல்லயே சொல்லிடுறேன், நைட்ரைட் மட்டும் காட்டுற சின்ன கிட் வெல கம்மியா இருக்குன்னு சி.எஸ்.எஃப்-க்கு வாங்கிடாதீங்க. பாரிமுனைல நாங்க எப்பவும் கெமிக்கல் வாங்குற கடைல ரெண்டும் வெச்சிருந்தாங்க, நாங்க எடுத்தது நைட்ரேட்டையும் சேத்து அளக்குற கிட், ராயபுரத்துல எங்க லேப்ல மூளைக்காய்ச்சல், எம்.எஸ் (மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், நரம்போட மேலுறைய நம்ம உடம்பே தாக்குற நோய்) கேஸ் சாம்பிள்ல ஆராய்ச்சிக்காக ஓட்டுறோம்.

நைட்ரிக் ஆக்சைடு சில செகண்ட்லயே மாறிடும், அது நைட்ரைட்டாவும் நைட்ரேட்டாவும் ஆனதுக்கு அப்புறம்தான் நம்மால அளக்க முடியும், சி.எஸ்.எஃப்-ல பெரும்பாலும் கெடக்குறது நைட்ரேட்தான், அதனால சின்ன கிட்டுல பாதி சாம்பிளுக்கும் பிளாங்குக்கும் (சாம்பிள் விடாத வெறும் ரீஏஜென்ட்) வித்தியாசமே தெரியாது. நாங்க எடுத்த கிட்டுல ஒரு என்சைம் நைட்ரேட்ட நைட்ரைட்டா மாத்திடுது, அப்புறம் ரீஏஜென்ட் விட்டா ரோஸ் கலர் வரும், 540 நானோமீட்டர் வெளிச்சத்துல ரீட் பண்ணிடலாம். 1879ல கிரீஸ்ங்குற கெமிஸ்ட் எழுதி வெச்ச அதே கெமிஸ்ட்ரிதான். ஸ்டாண்டர்ட் கர்வ் (தெரிஞ்ச அளவுகள வெச்சுப் போடுற கோடு) அவ்ளோ நேரா விழுது, மனசுக்கு நெறவா இருக்கு.

குறைன்னா மேனுவல்தான். என்சைமுக்குப் போடுற என்ஏடிபிஹெச் மிச்சமானா கலர் மங்கும்னு ஒரு வரி கூட இல்ல. புரோட்டீன் எடுக்குற ஃபில்டர்லயே நைட்ரேட் ஒட்டியிருக்கும், நல்ல தண்ணில கழுவிட்டுதான் சாம்பிள் விடணும், அதையும் சொல்லல. முதுகுல ஊசி குத்தி எடுத்த தண்ணிங்க அது, வலி பொறுத்துக்கிட்டு குடுத்திருக்காங்க, ஒரு சொட்டு வீணானாலும் எனக்குத் தாங்காது.

இன்னொன்னு, நம்பர் ஏறியிருக்குன்னு வெச்சு இது எம்.எஸ்-னு யாரும் சொல்லிட முடியாது. மூளைல எந்த அழற்சி வந்தாலும் மைக்ரோக்ளியா, ஆஸ்ட்ரோசைட்டுங்குற மூளை செல்லுங்க நைட்ரிக் ஆக்சைட அதிகமா சுரக்கும், கிருமியால வந்த மூளைக்காய்ச்சல்லயும் ஏறும். எம்.எஸ்-க்கு எம்ஆர்ஐ, ஆலிகோக்ளோனல் பேண்ட் (சி.எஸ்.எஃப்-ல தெரியுற ஆன்டிபாடி கோடுங்க) எல்லாம் பாத்து டாக்டர்தான் முடிவு பண்ணனும். அதுவுமில்லாம மொத நாள் கீரையோ பீட்ரூட்டோ நெறைய சாப்ட்டிருந்தா ரத்தத்துல நைட்ரேட் ஏறிடும், அது சி.எஸ்.எஃப் கணக்கையும் கொழப்பும், அதனால அதே நேரத்துல எடுத்த சீரமும் (ரத்தத்துலருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர்) கூடவே ஓட்டுங்க, ரத்தம் கலந்த சாம்பிள ஒதுக்கிடுங்க.

5க்கு 4 குடுக்குறேன். கடைக்காரர் ஐஸ் பேக் போட்டு ஒழுங்கா கட்டிக் குடுத்தாரு, பீச் ரோடு லாரி ட்ராஃபிக்ல நின்னு வந்தும் சில்லுன்னுதான் இருந்துச்சு. நீங்க வாங்குறப்போ பெட்டி மேல இருக்குற தேதிய மட்டும் நம்பாம உள்ள என்சைம் குப்பில இருக்குற தேதியயும் பாத்துக்கோங்க.