சன் கோரலுக்கு மூன்று வருடமாகச் சோறு ஊட்டுகிறேன்

சன் கோரல் என்ற பவளம் வளரும் என் கடல்நீர்த் தொட்டியைக் குளிர வைக்கும் சில்லர் போன வாரம் படுத்துவிட்டது. விசிறி மாற்ற 180 மலேசிய வெள்ளி. அந்தக் கடுப்பில் எழுதுகிறேன், கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும். செந்தூல் நண்பர் ஒருவர், "அண்ணே, சன் கோரல் வாங்கலாமா? லைட்டே வேண்டாமாமே" என்று கேட்டதும் இன்னொரு காரணம்.

லைட் வேண்டாம், உண்மைதான். மற்ற பவளங்கள் பலவற்றின் உடம்பில் குடியிருந்து வெளிச்சத்தைச் சோறாக்கித் தரும் பாசி இதற்குள் கிடையாது. சூரியன் பெயரோடு சரி. எனக்கு விற்ற கடைக்காரர் "ஈஸி" என்றார். வாங்கிப்போய் அவரே ஒரு மாதம் வளர்த்துப் பார்க்கட்டும்.

என் பவளத் துண்டில் பூப்போன்ற 23 தலை, 23 வாய். பட்டினி கிடக்கும் தலையில் சதை வற்றி, வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பிக்கும். வாரத்தில் நான்கு இரவு, உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலைக் கரைத்து, வடிகட்டி அலசி (வீட்டு டீ வடிகட்டி காணாமல் போனது இப்படித்தான்), சிரிஞ்சில் ஒவ்வொரு வாயாக வைக்க வேண்டும். அலசாமல் ஊற்றினால் தண்ணீரில் பாசிக்கு உரமான பாஸ்பேட் ஏறி, கண்ணாடியெல்லாம் பாசி. பத்துமலையிலிருந்து தைப்பூசக் கூட்டத்தில் நசுங்கி வந்த இரவும் ஊட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தொட்டியில் மீன் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் இருக்கிறதே, அதுதான் திருடன். தலை இரையை விழுங்கி மூடுவதற்குள் மேலே ஏறி நின்று, வாய்க்குள் கையை விட்டு மைசிஸை உருவிக்கொண்டு போகும். கடைசியில் மினரல் வாட்டர் பாட்டிலை அடி வெட்டிப் பவளத்தின்மேல் கவிழ்த்து, கழுத்து வழியாக ஊட்டுகிறேன். அது வெளியே நின்று நீள மீசையால் பாட்டிலைத் தடவிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம், நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டு.

பிரேசில் கடலில் இதே இனப் பவளங்கள் யாரும் ஊட்டாமலே பாறை பாறையாகப் பரவி, அங்கே பெரிய தலைவலியாகிவிட்டன. இங்கே எனக்கு மட்டும் இந்தச் சீராட்டு.

ஆனால் இரை வாசம் பட்ட இருபது நிமிடத்தில், சுருங்கிக் கிடந்த ஆரஞ்சு மொட்டெல்லாம் மஞ்சள் இதழாக விரியும். அப்போது அம்மாகூட சீரியலை விட்டுவிட்டு எழுந்து வருவார்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். "அப்போ உங்களுடையதைக் கொடுத்துவிடுங்களேன்" என்றார். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். நேற்று பம்ப் பக்கத்துக் கண்ணாடியில் சாமை அளவில் நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள். குஞ்சுகள். அந்த வாய்க்குள் மைசிஸ் நுழையாது. பிரைன் என்ற பொடி இறாலின் முட்டை வாங்கிப் பொரிக்க வைத்திருக்கிறேன்.