சிகிரியாவா, பிதுரங்கலவா, யாப்பகூவாவா: கிளிநொச்சியிலிருந்து ஒரே நாளில்

எங்கட வீட்டில் எந்தப் பயணத்துக்கும் கடைசி முடிவு ஏ9 றோட்டோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில்தான் எடுபடும். வான் நிற்கும், தேங்காய் உடைபடும், கச்சான் பை கைமாறும். அப்போதுதான் யாராவது, "சரி, இப்ப எங்க போறம்?" என்று தொடங்குவார்கள். மலைக்கோட்டை பார்க்க வெளிக்கிட்ட மூன்று தடவையும் இந்தக் கூத்து நடந்தது. மூன்று தடவையும் வேறு வேறு மலை. அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

முதலில் தூரம். கிளிநொச்சியிலிருந்து சிகிரியாவும் யாப்பகூவாவும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 190 கிலோமீற்றருக்குக் கிட்ட. பிதுரங்கல சிகிரியாவுக்கு வடக்கே ஒரு கிலோமீற்றர் அளவில் நிற்கிற மலை, அதனால் அதற்கும் அதே கணக்கு. ஏ9இல் மதவாச்சி வரை எல்லோருக்கும் ஒரே பாதை. பிறகு சிகிரியாக்காரர் மரதன்கடவலப் பக்கம் போக, யாப்பகூவாக்காரர் அனுராதபுரத்தால் இறங்கி, தம்புத்தேகம, கல்கமுவ தாண்டி மாகோப் பக்கம் திரும்புவார்கள். இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் நாலு மணித்தியாலம். வவுனியாக்காரருக்கு இதில் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். முல்லைத்தீவிலிருந்து வருகிறவர்கள் மாங்குளம் சந்தி வரவே ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மன்னாரார் நேரே மதவாச்சிக்கு வந்து ஏறுவார்கள், அவர்கள் முறிகண்டிக் கச்சானை இழக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோல் காசில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம், மலையடிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறோம், வானுக்குள் இருக்கிற ஆக வயது போன முழங்கால் யாருடையது என்பவற்றில்தான் கிடக்கிறது. இந்த இரண்டையும் யோசிக்காமல் படத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்து நாங்கள் முதல் தடவை நல்லாகப் பட்டோம்.

அந்த முதல் தடவை சிகிரியா. கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்திருந்த ஆவணி மாதம். விடிய ஆறு மணிக்கு ஆறுதலாக வெளிக்கிட்டு, வழியில் இரண்டு கோயில், ஒரு சாப்பாடு. சிகிரியா வாசலில் இறங்கும்போது பதினொன்று கடந்துவிட்டது. ரிக்கற் யன்னலில்தான் அடுத்த அடி. எங்களுக்கு அடையாள அட்டையைக் காட்டினால் சொற்பக் காசு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கோ ஆளுக்கு 30 டொலருக்குக் குறையாது. அண்ணா இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. "நான் கிளிநொச்சி மகாவித்தியாலயத்தில படிச்சவன்" என்று யன்னலுக்குள் இருந்தவருக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே ரிக்கற்றைக் கிழித்தார். வெளிநாட்டுச் சொந்தங்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தச் செலவை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது, வாசலில் முகம் கறுக்கத் தேவையில்லை.

சிகிரியாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது வேறு தரம். சமதரையிலிருந்து 180 மீற்றருக்கு மேல் ஒரே கல்லாக எழும்பி நிற்கிற அதன் உச்சியில், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் மாளிகை கட்டியிருக்கிறான். கீழே நேர்கோட்டில் வெட்டிய தண்ணீர்த் தோட்டங்கள். மழைக்காலத்தில் அந்தக் கால நீரூற்றுகள் இப்போதும் தண்ணீரை மேலே தள்ளும் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். பாதி மலையில், சுருள் படியில் ஏறிப் பார்க்கிற ஓவியப் பெண்கள். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள், போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். அதற்கடுத்து கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரியும் அளவுக்குத் தீட்டிய சுவராம். அதில் அந்தக் காலத்தில் வந்துபோனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்து மயங்கிக் கவிதை கிறுக்கியிருக்கிறார்கள். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் புத்தகமாகப் போட்டார். என் மகன் கேட்டான்: "அப்ப சுவரில கிறுக்கினா வாத்தியார் எங்களுக்கு மட்டும் ஏன் அடிக்கிறார்?" ஆயிரம் வருசம் கழித்து வந்தால் அடிக்கமாட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்களைப் போன்ற குளத்து ஆட்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு இழை இருக்கிறது. காசியப்பன் கொன்ற தகப்பன் தாதுசேனன்தான் கலாவெவவைக் கட்டியவன். புதையலைக் காட்டு என்று மகன் நெருக்க, கிழவன் அந்தக் குளத்துக்கு இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளி, என்னட்டை உள்ள செல்வம் இவ்வளவுதான் என்றானாம். பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிற கதை. இரணைமடுக் குளத்து வாய்க்கால் திறக்கிற நாளுக்காகக் காத்திருக்கிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அம்மாவுக்கு வானுக்குள் இதைச் சொன்னபோது, "பாவி, அந்த மனுசனையே கொன்றவன்?" என்று கேட்டு, அதற்குப் பிறகு காசியப்பனின் மலையில் அவவுக்குப் பெரிய மரியாதை வரவில்லை.

ஆனால் ஏற்றம். மொத்தம் 1,200 படி என்பார்கள். ஓவியங்கள் இருக்கிற மேற்குப் பக்கம் காலையில் நிழல். நாங்கள் ஏறிய நேரம் வெயில் உச்சிக்கு வந்து, கல்லே அடுப்பாகிவிட்டது. சிங்கத்தின் இரண்டு பாதங்களும் இருக்கிற திடலோடு அம்மாவும் அண்ணியும் இருந்துவிட்டார்கள். அங்கே குளவிக்குப் பயந்து சத்தம் போடாதே என்று அறிவிப்பு, கூடு கலைந்தால் ஓடி ஒளிய வலைக்கூண்டு. அதைப் பார்த்த அண்ணி அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தா. அதற்கு மேல் இரும்புப் படி, ஆட்கள் ஒற்றை வரிசையில் ஊர்வார்கள், நடுவில் திரும்ப இடமில்லை. மலையில் கழிப்பறையும் இல்லை. கீழேயே வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

சிகிரியாதான் வேண்டும் என்றால் என் கணக்கு இதுதான். விடிய மூன்று மணிக்கு வான் கிளிநொச்சியை விட்டிருக்க வேண்டும். ஏழு மணிக்கு அடிவாரம், பத்துக்குள் இறங்கி, இடியப்பப் பார்சலை நிழலில் அவிழ்க்கலாம். குரங்குகள் பையைப் பறிக்கும், பார்சலை வானுக்குள் வைத்துவிட்டு ஏறுங்கள். போயா தினமும் நீண்ட விடுமுறையும் வேண்டாம், பள்ளிக்கூட பஸ்களோடு வரிசையில் நிற்க வேண்டிவரும்.

பிதுரங்கல பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இணையத்தில் நீங்கள் பார்க்கிற, சிகிரியா முழுசாகத் தெரிகிற அழகான படங்களில் முக்கால்வாசி அந்த மலையில் நின்று எடுத்தவை. சிகிரியாவில் ஏறி நின்றால் சிகிரியா தெரியாது, அதுதான் விசயம். ரிக்கற் ரூபாயில், அண்ணா போன்றவர்களுக்கும் தாங்கும். அடியில் விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். காசியப்பன் சிகிரியாவில் இருந்த பிக்குகளை இங்கே மாற்றி வைத்தான் என்பது பரம்பரைக் கதை. பாதிக்கு மேலே செங்கல்லால் கட்டிய சயனப் புத்தர், அதைத் தாண்டினால் படி முடிந்து பாறை இடுக்கு. கை கொடுத்து, கால் வைத்து, ஒருவரை ஒருவர் இழுத்து ஏற வேண்டும். உச்சி வெறும் மொட்டைப் பாறை, பிடிக்கக் கம்பியும் இல்லை.

அது கூட்டாளிகளோடு போன பயணம். ஏறுவது கஷ்டமில்லை, இளம் ஆட்களுக்கு அரை மணித்தியாலம். சிக்கல் நேரம்தான். அந்த மலையின் பேர் போன நேரம் சூரிய உதயம். அதற்கு நாங்கள் நடுச்சாமத்தில் கிளிநொச்சியை விட வேண்டும். சாரதியும் மனிதன், அந்த யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். பின்னேரம் ஏறினால் வெளிச்சம் பொன்னாக இருக்கும், ஆனால் இடுக்கில் இருட்டில் இறங்கி, ஹபரணைப் பக்கத்து றோட்டில் யானை நேரத்தில் வாகனம் ஓட்ட வேண்டும். நாங்கள் அப்படித்தான் வந்தோம். வளைவில் ஒரு தனியன் நின்றது. சாரதித் தம்பி ஒட்டுசுட்டான்காரன், யானைக்குப் புதிது இல்லை. லைற்றைக் குறைத்து, என்ஜினை நிறுத்தாமல், பின்னுக்கு எடுத்து நின்றான். பத்து நிமிசம் ஒருவரும் கதைக்கவில்லை. அது காட்டுக்குள் இறங்கின பிறகுதான் பின் சீற்றில் ஒருவன், "படம் எடுத்தியா?" என்று கேட்டான். பிதுரங்கல பார்க்கத்தான் வேண்டும் என்றால் தம்புள்ளையிலோ ஹபரணையிலோ ஒரு இரவு தங்குங்கள். ஒரே நாளில் போய் வருகிற பட்டியலில் நான் அதைச் சேர்க்கமாட்டேன்.

யாப்பகூவாவுக்கு நாங்கள் போனது தற்செயல். அம்மா, "இனி அந்தக் குளவி மலைக்கு வரமாட்டன்" என்றதால் முறிகண்டியில் பாதை மாறியது. எங்கட பக்கத்தில் பலருக்கு இந்த இடத்தின் பெயரே தெரியாது. 1272 அளவில் முதலாம் புவனேகபாகு தலைநகரை இங்கே கொண்டுவந்தான். தலதாவும், அதுதான் புத்தரின் புனிதப் பல், கூடவே வந்தது. பதின்மூன்று வருசம்கூட நிலைக்கவில்லை. பாண்டிய மன்னன் குலசேகரன் அனுப்பிய படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி கோட்டையைப் பிடித்து, தலதாவைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டுபோனான். பிறகு மூன்றாம் பராக்கிரமபாகு நேரே போய்ப் பேசித்தான் அதை மீட்டு வந்தான். அந்தப் படைத்தலைவனின் பட்டம்தான் பின்னால் யாழ்ப்பாணத்து அரசர்களின் பட்டமும். பிள்ளைகளுக்கு ஏழாம் எட்டாம் ஆண்டுச் சரித்திரப் புத்தகத்தில் காய்ந்துபோய்க் கிடக்கிற பெயர், இங்கே படியில் ஏறும்போது உயிர்க்கிறது.

அந்தப் படிதான் யாப்பகூவா. மலை 90 மீற்றர் அளவுதான், ஆனால் வரிசையாக மேலே போகிற அந்தக் கல் படிக்கட்டுக்கு ஈடாக சிகிரியாவில் ஒன்றுமில்லை என்பேன். படி உயரம் கூட, அகலம் குறைவு. நேரே ஏறினால் குதி வெளியே நிற்கும், பக்கவாட்டில் காலை வைத்தால் சுகம். இறங்கும்போது அவசரம் வேண்டாம். உச்சப் பகுதியில் இரண்டு பக்கமும் சிங்கங்கள், மேலே வாசல் நிலை, கீழ் வரியில் ஆடுகிறவர்களும் மேளம் அடிக்கிறவர்களும். அம்மா ஒவ்வொரு தட்டிலும் இருந்து இருந்து, கடைசித் தட்டின் அடி மட்டும் வந்துவிட்டா. மத்தளக்காரன் ஒருவனின் முழங்காலில் கையை வைத்தபடி மூச்சு வாங்கினா. "இது எங்கட கோயில் தூண் மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. தென்னிந்தியக் கையின் சாயல் இந்த வேலைப்பாட்டில் உண்டு என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு யாரும் சொல்லித் தேவைப்படவில்லை.

படிக்கு மேலே தலதா வைத்திருந்த கட்டடத்தின் எச்சம். அதற்கு மேல் மரங்களுக்குள்ளால் உச்சிக்கு ஒரு ஏற்றம், அது விரும்பினவர்களுக்கு. பிள்ளைகள் ஓடிப் போய் வந்தார்கள், பெரிய ஆட்கள் படியிலேயே இருந்தோம். சனம் இல்லை. அரை மணித்தியாலமாக எங்களைத் தவிர இரண்டு சோடிதான். தோண்டியபோது இங்கே சீனக் காசும் சீனப் பாத்திரத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. கல்லில் துளையிட்டுச் செய்த ஒரு யன்னல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதையும் இங்கேயே வைத்திருக்கலாம், எனக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.

குறைகளும் உண்டு. நல்ல சாப்பாட்டுக் கடை பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள், கட்டுச்சோறு கொண்டு போங்கள். ஓவியமும் தோட்டமும் சிகிரியா அளவுக்கு இல்லை. பகல் வெயிலுக்கு படிக்கட்டில் நிழலே கிடையாது, தொப்பி வேண்டும். ஆனால் காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டாலும் இந்த நாள் கெடாது, சிகிரியாவில் கெடும். வாகனம் இல்லாதவர்களுக்கும் இதுதான் லேசான வழி. வடக்கு ரயில் மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதை பிரிகிற மாகோச் சந்தியில் நிற்கும், அங்கிருந்து ஓட்டோ. பாதை திருத்த வேலைக்காக 2023, 2024இல் ரயில் நின்ற காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நேரசூசியை விசாரித்துவிட்டு, திரும்புகிற ரயிலையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மார்கழி மழையில் மூன்றுமே வழுக்கும். மாசி, பங்குனி நல்ல மாதங்கள்.

என்னிடம் கேட்டால், வாழ்நாளில் சிகிரியா பார்க்காதவர் ஒருவர் வானுக்குள் இருந்தால், மூன்று மணிக்கு எழும்பத் தயார் என்றால், சிகிரியா. எல்லோரும் ஒரு தரம் பார்த்தவர்கள் என்றால், அம்மம்மாவும் கைக்குழந்தையும் வருகிறார்கள் என்றால், யாப்பகூவா. இரண்டாவது தடவை போக எனக்கு மனம் வருவதும் யாப்பகூவாவுக்குத்தான்.

இந்த ஆவணிக்கு அண்ணாவின் மூத்த மகள் வருகிறாள். அவளுக்கு சிகிரியாதான் வேண்டுமாம். அம்மாவும் வருவா, ஆனால் ஏறமாட்டா, கீழே அகழிக் கரையில் பாயை விரித்து இருக்கப் போகிறாவாம். அங்கே முதலை கவனம் என்று பலகை போட்டிருக்கிறது என்று நான் சொன்னேன்.

"இரணைமடுவில இல்லாத முதலையோ?" என்றா.