டிஹியூமிடிஃபையர்: கோடையை விட வசந்தத்தில்தான் இதற்கு வேலை

மூன்று வருடமாக வீட்டில் ஓடும் டிஹியூமிடிஃபையரை, அதாவது காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடித்தெடுக்கும் மெஷினைப் பற்றி எழுதுகிறேன். கம்ப்ரஸர் வகை, அதாவது ஃப்ரிட்ஜ் மாதிரி உள்ளே ஒரு காயிலைக் குளிரவைத்து அதில் ஈரத்தை வடிப்பது; நாளுக்கு 20 லிட்டர் தண்ணீர் எடுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நான் இருப்பது ஈரமான துணை வெப்பமண்டலக் கடலோரக் கவுண்டி, தட்பவெப்பத்தை வகை பிரிக்கும் கோப்பன் வகைப்பாட்டில் சி.எஃப்.ஏ. வெக்கையான மாதத்தின் சராசரி 22 டிகிரிக்கு மேல், குளிர் மாதத்தில் 18-க்குக் கீழ், வறண்ட பருவம் என்று தனியாக எதுவும் கிடையாது. படிக்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்த அன்று பின்பக்கம் முழுக்கச் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை, பெல்ட்டில் பச்சைப் புள்ளிகள்.

எல்லோரும் இதைக் கோடைக்கு என்று வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். கோடையில் ஏசி நாள் முழுக்க ஓடுவதால் காற்றிலுள்ள ஈரத்தில் பாதியை அதுவே வடித்துவிடும். உண்மையான தொல்லை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். வெளியே 20, 22 டிகிரி, விடாத தூறல், ஏசி போடுகிற அளவுக்குச் சூடு இல்லை, ஈரப்பதமானி மட்டும் 75 சதவீதத்தைத் தாண்டி நிற்கும், காயப்போட்ட துண்டு இரண்டு நாளானாலும் நசநசவென்றே இருக்கும். அப்போது இந்த மெஷினைப் போட்டால் ஒரு ராத்திரிக்குள் 55-க்கு வருகிறது. ஈரப்பதம் 60-க்குக் கீழே நின்றால் பூஞ்சைக்குப் பிழைப்பு கஷ்டம், எனக்கு அது போதும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், இது அறையைச் சூடாக்கும். ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை விடும், மெஷின் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அதே அறைக்குள்தான் நிற்கும். தூறல் நாளில் அது இதம், ஆகஸ்டு மதியத்தில் புழுக்கம்.

அப்புறம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கோடையில் இங்கே பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 24, 25 டிகிரியைத் தொடும். ஏசி போட்ட வீட்டின் ஜன்னல் கண்ணாடி விடிகாலையில் வெளிப்பக்கமாக வியர்ப்பது அதனால்தான். அந்தக் காற்றை உள்ளே விட்டால் மெஷின் கடலை இறைத்த கதைதான். குளிர்காலத்தில் நேர்மாறு: வெளியே 10 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 42-க்கு இறங்கிவிடும், மெஷினை அணைத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே போதும்.

குறைகள்: தொட்டி சின்னது, நிரம்பியதும் தானே நின்றுவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியபோது நிரம்பிய தொட்டியோடு சும்மா நின்றிருந்தது, படுக்கையெல்லாம் பூஞ்சை வாடை. அன்றே குழாயைச் செருகித் தரைவடிகாலுக்கு விட்டேன், குழாய் செருகும் வாய் இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். 20 லிட்டர் கணக்கும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்ததாம், என் 20 டிகிரி அறையில் எட்டைத் தாண்டியதில்லை. கடல் உப்பு படிந்து உள்ளே அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி தெரிகிறது, ஃபில்டரை மாதம் இருமுறை கழுவுகிறேன்.

சூடேற்றாத, 15 டிகிரிக்குக் கீழே போகும் அறைக்கு இது வேண்டாம், காயிலில் உறைபனி பிடித்து, அதை உருக்குவதிலேயே நேரம் போய்விடும். அங்கே ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகன்ட் வகை நல்லது. மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம்.