ஓடியதைவிட நின்றதுதான் செலவு: ஒரு பழைய காரோடு ஒன்பது வருடம்

வாங்கும்போது என்னை மயக்கியது ஓடோமீட்டர்தான். 1985-இல் தயாரான கார், 41 ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தது. மீட்டரில் ஐந்தே இலக்கம் என்பதால் ஒரு சுற்று முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் சீட்டின் தையல், ஸ்டியரிங்கின் பளபளப்பு எல்லாவற்றையும் பார்த்தேன். கணக்கு உண்மைதான். உரிமையாளர் ஷெட்டிலேயே மூடி வைத்திருந்தார். அந்தக் குறைந்த கிலோமீட்டருக்காக மற்றவர்கள் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன். இன்று யாராவது அதே மாதிரி ஒரு காரைக் காட்டினால், விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

காரில் சில பாகங்கள் கிலோமீட்டரால் சாகும். சில வருடத்தால் சாகும். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங் முதல் ரகம். ஹோஸ், ஆயில் சீல், டயர், பெட்ரோல் டியூப், டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பல் பெல்ட்), பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர் இரண்டாவது ரகம். என் காரில் முதல் ரகம் புதுசு போல இருந்தது. இரண்டாவது ரகம் மொத்தமும் போயிருந்தது.

டயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பட்டன் (தரையில் படும் மேடுகள்) நன்றாக இருந்தது, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் இருந்த தேதி எண்ணைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். என் டயர்களில் மூன்றே இலக்கம். போன நூற்றாண்டு டயரில்தான் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; 3.7 சதவீதம் நீர் ஏறிய நிலையில் அதே எல்லை 155 டிகிரி. இறக்கத்தில் நெடுநேரம் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாகிவிடும். கார் ஓடினாலும் நின்றாலும் இந்த ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மொத்தப் பராமரிப்பில் மிக மலிவான வேலை இதுதான்.

செலவுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 55 போனது. இரண்டாவது வருடம் 30. பிறகு வருடத்துக்கு 8-லிருந்து 12-க்குள் அடங்கிவிட்டது. வெளியில் யாரிடமும் இந்த முதல் வருடக் கணக்கைச் சொல்லவில்லை. மனைவியிடமும் இரண்டு தவணையாகத்தான் சொன்னேன்.

இதில் அடங்காதது ஐந்தாவது வருடம். வேலை காரணமாக ஏழு மாதம் வெளியூரில் இருந்தேன். கார் மூடிய ஷெட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. திரும்பி வந்து செல்ஃப் போட்டால் சத்தமே இல்லை, பேட்டரி காலி. புதுசு மாட்டினேன், எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. டாங்கில் நின்ற பெட்ரோல் பழசாகிப் பிசினாக மாறி, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. அதுவும் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊதிப் போகச் செய்யும். ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் கியர் விழவில்லை. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது. அதையும் விடுவித்து நகர்த்தினால், பின்சக்கரம் ஒன்று இறுகி நின்றது. அந்த வருடம் நோட்டில் 40. ஓட்டிய தூரம் 900 கிலோமீட்டருக்கும் குறைவு.

அதிலிருந்து ஒரு வழக்கம். பத்து நாளுக்கு ஒருமுறையாவது இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிவிடுவேன். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பயனில்லை. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் நின்றால், எரிதலில் உண்டான நீர் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடும்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எஞ்சின் சாமான் கிடைக்கிறது. அதே பிளக், அதே பேரிங், அதே வாட்டர் பம்ப் நாலைந்து மாடல்களுக்குப் பொதுவாக இருக்கும். கிடைக்காதது அழகு சாமான். பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி ஒன்றுக்குப் பதினொரு மாதம் காத்திருந்தேன். கதவு பீடிங், அதாவது மழைநீர் புகாமல் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை, இன்றுவரை சரியாக அமையவில்லை. ஆகவே கார் பார்க்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்தில் மயங்காமல் கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்க்கட்டும். அங்கே நீர் வடியும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டால், துரு உள்ளிருந்து வெளியே வரும். எஞ்சினை இறக்கி ஏற்றிவிடலாம். அடித்தளம் அரித்துப்போன காருக்கு டிங்கரிங் முடிவே இல்லாத வேலை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மூன்றாவது வருடம். செல்ஃப் மெதுவாகச் சுற்றியது, ஹெட்லைட் மங்கியது. பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றினேன், பலனில்லை. ஒருநாள் காலை, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்துச் செல்ஃப் போட்டபோது, கையிலிருந்த சோக் கேபிள் சுட்டது. கேபிள் ஏன் சுட வேண்டும்? வழக்கமாக என் காரைப் பார்க்கும் பெரியவரிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டு, “எர்த் பட்டை அறுந்திருக்கும், பாருங்க தம்பி” என்றார். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் வயர் உப்புப் பூத்து அறுந்திருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் திரும்பி வர வேறு வழியில்லாமல், அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. ஒரு முழ வயர், இரண்டு போல்ட், பத்து நிமிடம். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

பானட்டைத் திறந்தால் எல்லாம் தெரிகிறது, கை உள்ளே போகிறது. பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட்ஸின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைக்க, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு போதும். பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தால் எஞ்சின் என்ன சாப்பிடுகிறது என்று சொல்லிவிடும். இளம் பழுப்பு என்றால் சுகம். கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குறைவு. ஸ்டியரிங் கனம்தான், பார்க்கிங்கில் தோள் வலிக்கும். ஆனால் ரோடு எப்படி இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும்.

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்தப் பெட்ரோலைக் கார்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திவிட்டது. ஈயம் இல்லாதபோது எக்ஸாஸ்ட் வால்வ் தன் இருக்கையை மெல்ல அரித்து உள்ளே இறங்கலாம். வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலான சந்து, குறைந்துகொண்டே வருவதுதான் அதன் அடையாளம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுகிறேன். ஒன்பது வருடத்தில் பெரிய மாற்றம் இல்லை. நான் விரட்டி ஓட்டுவதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மறைக்கக் கூடாத குறைகள் இரண்டு: பாதுகாப்பு, புகை. ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. மும்முனை சீட் பெல்ட்டை வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இலேயே கொண்டுவந்துவிட்டார். என் காரின் பின்சீட்டில் அது இல்லை. அதனால் பின்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை, குழந்தைகளை அறவே இல்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிடையாது. தினமும் ஓட்டினால் பக்கத்தில் நிற்பவர் மூச்சுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அன்றாட வேலைக்கு வேறு கார் இருக்கிறது. ஒரே காராகப் பழைய கார் வாங்க நினைப்பவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாகத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆபீஸ் போக வேண்டுமே.

டைமிங் பெல்ட்டை வாங்கிய வாரமே மாற்றியிருந்தேன். இந்த எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். ஐந்தாம் வருடம் மறுபடி மாற்றியபோது அது ஓடியிருந்தது வெறும் 14 ஆயிரம். பெல்ட்டைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தேன். பல்லின் அடியில் மயிரிழை வெடிப்புகள். நோட்டில் அடுத்த தேதி குறித்திருக்கிறேன், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்த பீடிங் வந்து சேர்ந்தால் தேவலை. மழையில் ஓட்டினால் இடது முழங்கால் இப்போதும் நனைகிறது.