வைர மோதிரம் வாங்க 8,40,000 ரூபா கொடுத்தோம்: கொழும்பில் கல் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொழும்பில் வைரம் வாங்க நினைக்கும் எவரும், குறிப்பாகப் பிள்ளைகளின் பதிவுத் திருமணத்துக்கு மோதிரம் தேடும் பெற்றோர், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். 8,40,000 ரூபா கொடுத்து எங்கள் மூத்த மருமகளுக்கு வாங்கிய மோதிரத்தில், கடைக்காரர் சொன்ன வைரம் இல்லை. நேற்று மாலை அவர்களிடமிருந்து இறுதிப் பதில் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முறைப்பாடு செய்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. சமூக ஊடகத்தில் ஓயாமல் விளம்பரம் செய்து, ஒரு மாடியில் குளிரூட்டிய காட்சியறை வைத்து, "நேரடி இறக்குமதி விலை" என்று சொல்லி விற்கும் வகையைச் சேர்ந்த கடை அது.

அந்தப் பணம் என் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எடுத்த பணம். முப்பது வருடத்துக்கு மேல் உழைத்துச் சேர்ந்ததில் ஒரு பங்கு.

கடை உரிமையாளர் எங்களை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். தான் பருத்தித்துறையைச் சேர்ந்தவர் என்றும், என் மனைவி படித்த பள்ளிக்கூடத்திலேயே தன் தாயாரும் படித்தவர் என்றும் சொன்னார். தேநீர் வந்தது. கறுப்பு வெல்வெட் தட்டில் மோதிரத்தை வைத்து, மேலிருந்து விழும் விளக்குகளை ஏற்றியபோது கல் கண்ணைப் பறித்தது. பேனாவைப் போன்ற ஒரு கருவியின் முனையைக் கல்லில் வைத்தார். அது ஒலி எழுப்பியது. "பாருங்கோ ஐயா, கத்துது, அசல் வைரம்" என்றார். பொன்னிற முத்திரை பதித்த ஓர் அட்டையில் "1.00 கரட், ஜி நிறம், வி.எஸ்.1 தூய்மை" என்று அச்சிடப்பட்டிருந்தது. சர்வதேச ஆய்வுகூடம் ஒன்றின் அறிக்கை இருக்கிறதா என்று நான் கேட்டேன். அதற்கு அவர், "அந்தப் பேப்பருக்கே தனிக் காசு ஐயா, அது உங்களுக்கு வீண் செலவு. எங்கட அட்டையே காணும். எப்ப கொண்டுவந்தாலும் 85 வீதம் திருப்பித் தருவன். எங்கட சனத்தை ஏமாத்திப்போட்டு நான் எங்கை போறது?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் 8,40,000 ரூபாவும் கைமாறியது. ஊரையும், பள்ளிக்கூடத்தையும், ஒரு தாயின் நினைவையும் விற்பனைக்குப் பயன்படுத்திய ஒருவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மோதிரம் மருமகளின் விரலுக்குச் சற்றுப் பெரிதாக இருந்ததால், அளவைக் குறைப்பதற்காகக் கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் நடுக்கல்லை அளவுகோலால் அளந்துவிட்டு, "ஐயா, இது ஒரு கரட் கல் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். அதன் பின்னர் ஓர் இரத்தினவியலாளரிடம் கொண்டுபோய்க் கல்லைச் சட்டகத்திலிருந்து கழற்றி நிறுத்துப் பார்த்தோம். நடுவிலுள்ள கல் 0.58 கரட். அதைச் சுற்றிப் பதித்த பொடிக் கற்கள் எல்லாம் சேர்ந்து 0.42. நிறம் கே, தூய்மை எஸ்.ஐ.2. இயற்கையான வைரம்தான், ஆனால் அட்டையில் எழுதியிருந்த வைரம் அல்ல.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் ஏமாற்று முழுவதும் இங்கேதான் நடக்கிறது. செட்டியார் தெருவில் பவுண் வாங்கும்போது அன்றைய விலை எல்லோருக்கும் தெரியும். நிறுத்துப் பெருக்கிக் கூலியைச் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடும். வைரத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. ஒரு கரட் என்பது 0.2 கிராம். ஆனால் கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கரட்டுக்கான விலையே ஏறுகிறது. பெரிய கற்கள் அரிதானவை என்பதே காரணம். ஆகவே ஒரே தரத்திலுள்ள இரண்டு கரட் கல் ஒன்று, ஒரு கரட் கல்லைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலைபோகும். அரை கரட், ஒரு கரட் போன்ற எல்லைகளைத் தாண்டும் இடத்தில் விலை ஒரு படி தாவும். 1978 முதல் வெளிவரும் ரப்பபோர்ட் விலைப்பட்டியலைப் பார்த்து உலகமெங்கும் வியாபாரிகள் பேரம் பேசுகிறார்கள். அந்தப் பட்டியலே எடை வரம்பு வரம்பாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. 0.58 கரட் கல்லொன்றும் பொடிக் கற்களும் சேர்ந்து எடையில் ஒரு கரட் ஆகலாம், விலையில் ஒருபோதும் ஆகாது. பொடிக் கற்களுக்குக் கரட் கணக்கில் கிடைக்கும் விலை மிகக் குறைவு. இது தெரிந்த ஒருவர்தான் அட்டையில் "மொத்த எடை" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டு "1.00 கரட்" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்.

நிறத்திலும் அதே சூழ்ச்சி. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. வகுத்த அளவில் டி என்பது நிறமற்ற கல். அங்கிருந்து இசட் வரை மஞ்சள் சாயல் கூடிக்கொண்டே போகும். ஜி நிறக் கல் சாதாரணக் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். கே நிறத்தில் இளமஞ்சள் சாயல் உண்டு. ஆனால் மஞ்சள் தங்கத்தில் பதித்து வெண்ணிற விளக்கின் கீழே காட்டினால், அந்தச் சாயல் தங்கத்தின் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். தூய்மை என்பது கல்லில் குறைகள் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது. அதிலும் உயர்ந்த வி.எஸ்.1 என்பதற்கும் தாழ்ந்த எஸ்.ஐ.2 என்பதற்கும் இடையே இரண்டு படிகள் இருக்கின்றன; பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை எங்கள் கையில் கொடுத்தார்களே தவிர, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்டைப் பற்றி, அதாவது கல்லைப் பட்டை தீட்டிய விதத்தைப் பற்றி, பேச்சே வரவில்லை. ஒளி கல்லுக்குள் நுழைந்து திரும்பி வருவதைத் தீர்மானிப்பது வெட்டுத்தான். எடையும் நிறமும் ஒன்றாக உள்ள இரண்டு கற்களில் ஒன்று மின்னுவதற்கும் மற்றது மங்குவதற்கும் அதுவே காரணம்.

அளந்த விபரங்களை எழுதி அனுப்பிய நாளிலிருந்து கடையின் குரல் மாறிவிட்டது. முதலில், முதலாளி இந்தியாவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் எடுப்பார் என்றார்கள். பிறகு வட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. நேரில் போனபோது, வாசல்வரை வந்து அழைத்த அதே மனிதர் உள்ளறையில் இருந்துகொண்டே விற்பனைப் பெண்ணை வெளியே அனுப்பினார். அந்தப் பிள்ளை, "கல்லைக் கழட்டினபடியால் உத்தரவாதம் இல்லையாம் ஐயா" என்று தலை குனிந்தபடி சொன்னது. கழற்றாமல் எடையை எப்படி அறிவது? கடைசியாக நேற்று வந்த பதில் இது: "அட்டையில் 1.00 கரட் என்றுதான் உள்ளது, மொத்தமாக 1.00 கரட் இருக்கிறது, எனவே எங்கள் மீது தவறில்லை. விரும்பினால் தங்கத்தின் எடைக்குப் பணம் தரலாம், கற்களுக்கு மீள்விலை இல்லை." அந்த 85 வீதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒரு வாக்குறுதியைத் தாங்கள் எவருக்கும் கொடுப்பதில்லை என்றார்கள். பற்றுச்சீட்டில் "வைர மோதிரம், 8,40,000" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

நல்ல பெறுமதிக்குக் கல் வாங்குவது எப்படி என்று விளக்கமாக எழுத நினைத்தேன். இப்போதிருக்கும் மனநிலையில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கடையே அச்சடித்த அட்டையை ஏற்காதீர்கள். ஜி.ஐ.ஏ. போன்ற சுயாதீன ஆய்வுகூடத்தின் அறிக்கையைக் கேட்டு, அதன் இலக்கத்தை அங்கேயே நின்று கைப்பேசியில் அவர்களின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் அதே இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தால், அதையும் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். நடுக்கல்லின் எடை, சுற்றுக் கற்களின் எடை இரண்டையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நன்றாக வெட்டிய ஒரு கரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர் இருக்கும், எங்களுடையது 5.3தான் இருந்தது.

கருவி ஒலித்தால் அசல் என்று நம்ப வேண்டாம். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்துக்கும் அது ஒலிக்கும், வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவியாக இருந்தால் வைரத்தைப் போலத் தோன்றும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் ஒலிக்கும். ஆய்வுகூட வைரம் விலையில் இயற்கை வைரத்துக்குப் பல மடங்கு கீழே இருப்பதால், "இயற்கை" என்ற சொல்லும் சீட்டில் இருக்க வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த விரும்பினால், ஒரு கரட்டுக்குச் சற்றுக் கீழே, 0.90 அளவில், வெட்டு மிகச் சிறந்ததாகவும் தூய்மை வி.எஸ்.2 அளவிலும் உள்ள கல்லைக் கேளுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். திருப்பி வாங்குவோம் என்று எவர் சொன்னாலும் வீதத்தோடும் கையொப்பத்தோடும் எழுதித் தரச் சொல்லுங்கள். இலங்கையில் நீலக்கல் தோண்டுகிறார்கள், வைரம் தோண்டுவதில்லை. மாத்தறை வைரம் என்று முன்னோர் அழைத்ததும் நிறமற்ற சிர்க்கோன் என்ற வேறு கல்தான். ஆகவே இங்கே விற்கப்படும் ஒவ்வொரு வைரமும் வெளியிலிருந்து வந்தது, அதனோடு ஒரு தாள் வந்திருக்க வேண்டும்.

இன்னுமொன்று, இதை அவசரமாகச் சொல்ல வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. "முதலாளி இந்தியாவில் இருக்கிறார்" என்று இழுத்தடிப்பது இந்தக் காலம் கடந்துபோவதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் முறைப்பாட்டை இன்று காலை பற்றுச்சீட்டின் பிரதி, கடையின் அட்டை, இரத்தினவியலாளரின் குறிப்பு, வட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படிகள் ஆகியவற்றோடு கையளித்துவிட்டோம். 8,40,000 ரூபாவில் ஒரு சதமும் இதுவரை திரும்பி வரவில்லை. இதே வகைக் கடையில் "1.00 கரட்" என்று மட்டும் எழுதிய அட்டையோடு மோதிரம் வாங்கியவர்கள் இருந்தால், தாமதிக்காமல் நடுக்கல்லை அளந்து பாருங்கள்.