சாண்ட்ஹில்ஸ் டோப்போ வரைபடம்: 9 வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள மணல்மேட்டுப் பகுதியான சாண்ட்ஹில்ஸுக்குப் பறவை பார்க்கப் போக ஆரம்பித்து 9 வருடமாகிறது. அன்றிலிருந்து யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) அச்சிட்ட பழைய 1:24,000 டோப்போ தாள்கள், அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடங்கள்தான் துணை. தாளில் ஓர் அங்குலம் என்றால் தரையில் 2,000 அடி.

முதல்முறை விரித்தபோது ஒன்றும் புரியவில்லை. தாள் முழுக்கக் கைரேகை உருட்டியதுபோல் பழுப்புக் கோடுகள். ஊரே கிடையாது. புல் மூடிய மணல்மேடுகள் எல்லாம் ஒரே சாயல் என்பதால், ஒரு குன்றை அடையாளம் வைத்து நடக்கவும் வழியில்லை.

பிடி கிடைத்தது இரண்டாம் வருடம். பெரிய மேடுகளுக்குத் தெற்குப் பக்கம் செங்குத்து, வடக்குப் பக்கம் மெதுவான சரிவு. ஒரு காலத்தில் வடக்கிலிருந்து அடித்த காற்று குவித்த மணல் அது. அதனால் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் அந்தப் பழுப்புக் கோடுகள்) தெற்கே நெருக்கியடித்து நிற்கும், வடக்கே விலகிப் போகும். இப்போதெல்லாம் வெயிலே இல்லாத நாளிலும், மேட்டின் சரிவைப் பார்த்தே தாளைத் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

கோட்டின் உள்பக்கம் பல் பல்லாக இருந்தால் அது பள்ளம். இதை மட்டும் முதல் நாளே மனதில் ஏற்றிவிடுங்கள்.

நான் அதிகம் நம்புவது, 'விண்ட்மில்' என்று பொடி எழுத்தில் இருக்கும் குறியை. மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலை. ஓர் அக்டோபர் மாலை, பள்ளத்தாக்கு மாறிப் போய்விட்டேன். இருட்டப்போகும் நேரத்தில் கிரீச் கிரீச் என்று சத்தம். தேடிப்போனால் காற்றாலை, அடியில் தொட்டி நிரம்பி வழிகிறது. தாளில் அந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஒரு குறிதான். அங்கிருந்து விரல் வைத்து வண்டிவரை வந்து சேர்ந்தேன். 2009 முதல் வரும் புதிய வரிசையில் இந்தக் குறிகள் பெரும்பாலும் இல்லை, அதனால்தான் பழைய தாளை விடவில்லை.

தண்ணீர் விஷயத்தில் கவனம். விட்டுவிட்டு வரைந்த நீலக்கோடு ஓர் இடத்தைச் சுற்றி வந்தால், அது சில காலம் மட்டும் தண்ணீர் நிற்கும் ஏரி. அங்கே நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால், 2019 போன்ற ஈரமான வருடத்தில் பாதையே ஏரியாகிவிடும்.

அப்புறம், புள்ளிக்கோட்டுப் பாதை எல்லாம் பொதுப்பாதை அல்ல. பெரும்பாலும் தனியார் மேய்ச்சல் நிலம். பண்ணை வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போவேன். கேட்டைத் திறந்தால் மூடிவிடுவேன்.

சில காற்றாலைகளைக் கழற்றிவிட்டு சோலார் பம்ப் வைக்கிறார்கள். பார்க்கும் இடத்திலெல்லாம் பழைய குறியின் மேல் பென்சிலால் 'சோ' என்று எழுதி வருகிறேன்.