சிலேசியா சுரங்கச் சுற்றுலா: வாசலோடு திரும்பி வந்த கதை

போலந்தில் கிராகோ நகரத்தில் இருக்கிறவர்கள், அங்கே ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறவர்கள் கவனத்துக்கு. 'ஒரே நாளில் சிலேசியா சுரங்கங்கள்' என்று விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் மூன்று பேருக்கு 1,350 ஸ்வோட்டி (போலந்துப் பணம்) கட்டி, ஒரு சுரங்கத்தின் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

அப்பா நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். பூமிக்கு அடியில் கூண்டில் இறங்கிப் போகும் நிலக்கரிச் சுரங்கத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்பது அவருடைய நாள்பட்ட ஆசை. கிராகோவிலிருந்து சிலேசியாவின் முக்கிய நகரமான காட்டோவிட்சே 80 கிலோமீட்டர்கூட இருக்காது, ரயிலில் ஒரு மணி நேரம். நானே கூட்டிப் போயிருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ரயில் மாறவேண்டாம் என்று வேனுக்குப் பதிவு செய்தேன்.

விளம்பரத்தில் மூன்று இடங்கள். ஸாப்ஷேயில் குய்தோ சுரங்கம், 320 மீட்டர் ஆழம். டார்னோவ்ஸ்கியே கூரியில் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வெள்ளிச் சுரங்கம். அங்கே தண்ணீர் நிறைந்த சுரங்கப் பாதையில் 270 மீட்டர் படகில் போவார்கள். கடைசியாக நிகிஷோவியெட்ஸ், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய செங்கல் குடியிருப்பு. எல்லாம் எட்டே மணி நேரத்தில். ஒவ்வொன்றுக்கும் 'விசிட்' என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையை அப்போது நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

ஓட்டுநர்தான் வழிகாட்டியும். குய்தோ வாசலில் வேனை நிறுத்தி, 'இன்று பராமரிப்பு வேலை, சுரங்கம் மூடியிருக்கிறது' என்றார். சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்து இரண்டு மஞ்சள் ஹெல்மெட்டுகளை எடுத்தார். ஒன்றில் வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. 'போட்டுக்கொண்டு நில்லுங்கள், படம் எடுக்கிறேன்.' அப்பாவும் பாவம், போட்டுக்கொண்டு நின்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் கதவு திறந்து பதினைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு சின்னப் பையன் மூக்கில் கரி.

"ஏம்மா, மூடியிருக்குன்னா இவங்க எங்கேருந்து வர்றாங்க?" என்றார் அப்பா.

அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் சாக்கில் உள்ளே போய் டிக்கெட் கவுண்டரில் கேட்டேன். சுரங்கம் திறந்துதான் இருந்தது. எல்லாச் சுற்றும் நிரம்பிவிட்டது, முன்பதிவு இல்லாமல் வந்தால் இப்படித்தான் என்றார் அந்தப் பெண். எங்கள் ஏஜென்சி பெயரில் ஒரு இடம்கூடப் பதிவாகவில்லை.

அடுத்து டார்னோவ்ஸ்கியே கூரி. 'நாற்பது நிமிடம் சுற்றிப் பாருங்கள்' என்று இறக்கிவிட்டார். உள்ளே போய் வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள் வாசலில். பக்கத்தில் பழைய நீராவி இயந்திரங்களை வைத்திருக்கும் திடலில் நடந்துவிட்டு வேனுக்குத் திரும்பினோம். நிகிஷோவியெட்ஸில் இருபது நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் கரிக்கட்டி வடிவில் கறுப்புச் சோப்பு விற்கும் கடையில் போனது; ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டோ என்னவோ. மனசில்லாமல் கிளம்பினேன். அந்த வளைவு வாசல்களும் சிவப்புச் சாயம் பூசிய ஜன்னல் ஓரங்களும் அரை நாளுக்குத் தகுதியானவை.

கணக்கை முதலிலேயே போட்டிருக்கவேண்டும். குய்தோவில் 320 மீட்டர் சுற்றுக்கு மட்டும் சுமார் இரண்டரை மணி நேரம். வெள்ளிச் சுரங்கத்துக்கு ஒன்றரை. கிராகோவிலிருந்து போக வர, நடுவில் ஊர் மாற, சாப்பிட என்று சேர்த்தால் எட்டு மணி நேரத்தில் நிகிஷோவியெட்ஸுக்கு என்ன மிஞ்சும்? விளம்பரம் எழுதியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். 'விசிட் என்றுதான் சொன்னோம், நுழைவுச்சீட்டு சேர்த்தி என்று சொல்லவில்லை' என்று பதில் வந்தது. ஆனால் ஓட்டுநர் அன்று சொன்ன காரணம் பராமரிப்பு. அதை வேனில் வரும்போதே குறுஞ்செய்தியாகவும் அனுப்பியிருந்தார். இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பேக்கேஜ் டூர் சட்டத்துக்குள் வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, கார்டில் கட்டியிருந்தேன். குறுஞ்செய்தி, பதில் கடிதம் இரண்டையும் சேர்த்து வங்கியில் ரெக்லமாட்சியா, அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார், கொடுத்தேன். ஐந்து வாரத்தில் பணம் வந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் போனது போனதுதான். அதனால் பதிவு செய்யும் முன் 'எந்தச் சுரங்கம், எத்தனை மணிக்கு, சீட்டு யார் பெயரில்' என்று எழுத்தில் கேளுங்கள். சீட்டைக் காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பணம் வரும் வரை காத்திராமல், அடுத்த ஞாயிறே குய்தோவின் தளத்தில் சீட்டு எடுத்து அப்பாவை ரயிலில் கூட்டிப் போனேன். கூண்டு 320 மீட்டர் இறங்கியது. வழிகாட்டி வெட்டும் இயந்திரம் ஒன்றை ஓட விட்டபோது, காதைப் பொத்தாமல் நின்று பார்த்தவர் அப்பா மட்டும்தான். மேலே வந்ததும் புதிதாக ஒரு படம் எடுத்து, வாட்ஸப்பில் இருக்கும் பழைய ஹெல்மெட் படத்தை மாற்றச் சொன்னேன். மாட்டேன் என்கிறார். அதில்தான் முகம் நன்றாக வந்திருக்கிறதாம்.